மூன்றாவது மடிப்பு: சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பில் ஒரு சமோசா லைன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே, சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதரைக்கு எங்கள் தமிழ் வகுப்பு தொடங்கும். பிள்ளைகள் பதினான்கு பேர். எல்லாருக்கும் பதின்மூன்று, பதினான்கு வயது. வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலம். தமிழ் சனிக்கிழமைக்கு மட்டும். நான் வேலூர்ப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். இவர்களுடைய முன்னோரில் பலர் அதே வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து 1860க்குப் பிறகு கப்பலேறியவர்கள். அதனால் இங்குள்ள ஆயாக்கள் பேசும் தமிழ் எனக்கு அந்நியமாகத் தோன்றியதே இல்லை. பேரப் பிள்ளைகளுக்குத்தான் அது எட்டவில்லை.

தமிழ் வகுப்பில் தொழிற்சாலைப் பாடம் எதற்கு என்று கோயில் கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். என் கணக்கு எளிமையானது. இந்த நாட்டின் எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் தொழிற்புரட்சி வருகிறது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அதே பாடத்தில் வருகிறார்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் பிள்ளைகள் மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். அதோடு எனக்கு ஒரு குறையும் இருந்தது. கரும்புக்கும் இன்றைக்கும் நடுவே இந்த ஊர் வீடுகளுக்குச் சோறு போட்டது தையல் ஃபேக்டரியும் கார் ஃபேக்டரியும்தான். அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று சனிக்கிழமைகளில் என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன் என்பதை, இதே பாடத்தை எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை: எல்லாம் நன்றாக நடந்த மாதிரி

முதல் வாரம் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் கதையைச் சொன்னேன். 1913இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க் ஆலையில், வேலையாள் காரைத் தேடிப் போகாமல் கார் வேலையாளைத் தேடி வரும்படி மாற்றினார்கள். ஆளுக்கொரு துண்டு வேலையாக நிற்கும் அந்த வரிசைதான் லைன். அதற்கு முன் ஒரு சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் போல ஆனது. சில மாதங்களில் அது 93 நிமிடத்துக்கு இறங்கியது. 1908இல் 850 டாலர் விற்ற அவருடைய மாடல் டி கார், 1925இல் 260 டாலருக்குக் கிடைத்தது. பலகையில் இந்த எண்களை எழுதிவிட்டு, காகிதத்தில் கார் வரையும் போட்டி வைத்தேன். ஓர் அணியில் ஒவ்வொருவரும் முழுக் கார் வரைய வேண்டும். அடுத்த அணியில் ஒருவர் சக்கரம், ஒருவர் கதவு, ஒருவர் விளக்கு. இரண்டாவது அணி ஜெயித்தது. ஒரே கைதட்டல்.

கடைசியில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். பதினான்கு தாளிலும் ஒரே விடை: லைன் நல்லது, நேரம் மிச்சம், எல்லாருக்கும் கார். இலக்கணப் பிழைகூட அதிகம் இல்லை. மதிப்பெண் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போதுதான் உறைத்தது. நான் பாடம் நடத்தவில்லை, விளம்பரம் காட்டியிருக்கிறேன். போட்டி என்று வைத்தால் பிள்ளைகள் ஜெயித்த பக்கத்தைத்தான் புகழ்வார்கள். அந்த லைனில் நின்ற ஆளுக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் எதையும் வைக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை: சமோசா

அந்த மாதம் மண்டபக் கூரைக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குழு சமோசா போட்டு விற்பதாக ஏற்பாடு. டர்பனில் இந்திய வீடுகளின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் சமோசா உண்டு. இங்கே மடிப்பது நீளப் பட்டையாக வெட்டிய மெல்லிய மாவுத்தாளில். மூன்று மூலையும் ஊசி மாதிரி நிற்க வேண்டும், ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும். ஒரு பங்கு மடிக்கும் வேலையை எங்கள் வகுப்புக்குக் கேட்டு வாங்கினேன். பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் சாப்பாட்டுச் சாமானைத் தொட விடுவோம் என்றார்கள். அப்படித்தான் ஒரு மாணவியின் ஆயா வந்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தப் பாடத்தில் நான் திட்டம் போடாமல் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

முதலில் இருபது நிமிடம் அவரவர் தனியாக. பட்டையைப் பிரிப்பதிலிருந்து மைதாப் பசை தடவி ஒட்டுவது வரை ஒருவரே. பேச்சு, சிரிப்பு, ஒருவர் கையை ஒருவர் எட்டிப் பார்ப்பது. 74 வந்தது. அதில் 22க்கு மூலை ஓட்டை.

அப்புறம் ஏழு ஏழு பேராக இரண்டு லைன். முதல் ஆள் ஈரத் துணிக்கு அடியிலிருந்து பட்டையைக் கிழியாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆள் இரண்டு மடிப்பு மடித்துப் பை மாதிரி ஆக்குவார். மூன்றாம் ஆள் உருளைக்கிழங்கு மசாலாவை ஒரு கரண்டி வைப்பார். நான்காம் ஆளுக்கு மூன்றாவது மடிப்பு. பிறகு பசை, மூலை பார்ப்பது, டஜன் டஜனாகத் தட்டில் அடுக்குவது.

மறுபடி இருபது நிமிடம். 68 வந்தது. முன்பைவிடக் குறைவு! பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான் தட்டுகளைப் பார்த்தேன். போன வாரம் காகிதக் கார் சொன்னதற்கு நேர் எதிராக இருந்தது.

காரணம் கண்ணெதிரே குவிந்து கிடந்தது. மூன்றாவது மடிப்புதான் கஷ்டமானது. மசாலா உள்ளே போனதும் பை உப்பிக்கொண்டு பட்டை நழுவும். அந்த இடத்தில் ஒரு லைனில் நின்றவன் வகுப்பிலேயே உயரமான பையன். அவனுக்கு முன்னால் மடிக்காத பைகள் மலையாகச் சேர்ந்தன. அவனுக்குப் பின்னால் இருந்த மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் கிண்டல், பிறகு அதட்டல். 'சீக்கிரம்டா' என்பதை இவ்வளவு நல்ல உச்சரிப்பில் அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் கை துடைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனான். வெகு நேரம் வரவில்லை. கொஞ்ச நேரம் லைன் அப்படியே நின்றது.

ஒரு பிள்ளையைச் சங்கடப்படுத்தித்தான் இது தெரிய வேண்டும் என்றில்லை. லைன் எப்போதும் அதன் மெதுவான இடத்தின் வேகத்தில்தான் ஓடும் என்பது எந்த ஆலைக்காரருக்கும் தெரிந்த விஷயம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம், நான் யோசிக்கவில்லை. அவனிடம் பிறகு தனியாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை டீச்சர், எனக்கு முதுகுதான் வலிச்சுது" என்றான்.

அந்தப் பதில் எனக்கு உதவியது. எங்கள் மேஜைகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. அவன் இடுப்பு வளைந்து நின்றிருக்கிறான். ஹைலேண்ட் பார்க்கிலும் முதன்முதலில் லைன் போட்டது முழுக் காருக்கு அல்ல, மேக்னெட்டோ என்ற பாகத்துக்கு. ஒருவரே முழுதாகச் செய்தபோது ஒன்றுக்கு இருபது நிமிடம். வேலையை 29 பேருக்குப் பிரித்ததும் ஒன்றுக்கான உழைப்பு 13 நிமிடம் 10 நொடி ஆனது. பிறகு குனிந்து வேலை செய்யும் தொல்லை போக மேடையை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், ஏழு நிமிடம். சங்கிலி வைத்து நகர்த்தியபோது ஐந்து. அந்த எட்டு அங்குலத்தை நான் பல வருடமாகப் படித்துக் கடந்திருக்கிறேன். அன்றுதான் பையன்கள் வெளியே போய்ச் செங்கல் பொறுக்கி வந்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார்கள். மூன்றாவது மடிப்புக்கு இரண்டு பேரை நிறுத்தி, பட்டை பிரிப்பவரையே மசாலாவும் வைக்கச் சொன்னோம். அடுத்த இருபது நிமிடத்தில் 121.

ஆயா

பையன் பாத்ரூமில் இருந்த நேரத்தில் இன்னொன்று நடந்தது. ஆயா எழுந்து வந்து அவன் இடத்தில் நின்றார். பார்க்காமலே மடித்தார். கண் பேத்தியின் மேல், வாய் ஏதோ பேசிக்கொண்டிருக்க, குவியல் கரைந்தது. "பாக்காத செய்யணும் கண்ணு. பாத்தா லேட்டு" என்றார்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் ஆயா என்று ஒரு பெண் கேட்டாள். சமோசா வீட்டில், பார்க்காமல் செய்வது ஃபேக்டரியில். இருபத்தாறு வருடம் தையல் ஃபேக்டரி. எந்த ஃபேக்டரி என்பது இங்கே தேவையில்லை. எழுபதுகள், எண்பதுகளில் டர்பனின் தையல் ஆலைகளை நிரப்பியவர்களில் பெரும் பங்கு இந்தியப் பெண்கள். யாரைக் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும்.

"சட்டை தெச்சீங்களா ஆயா?"

"சட்டையா? ஃபேக்டரியில சட்டை தெச்சதே இல்ல. காலர்தான்."

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஆயா மேஜைமேல் விரலால் ஓட்டிக் காட்டினார். காலர் துண்டுகள் இருபது இருபதாகக் கட்டி, மேலே சீட்டு வைத்து வரும். கட்டை அவிழ்த்து, மூன்று பக்கம் அடித்து, மறுபடி கட்டி, சீட்டில் தன் பங்கைக் கிழித்து வைத்துக்கொண்டு அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். அதைத் திருப்பி முனையைக் குத்தி எடுப்பவள் வேறொருத்தி, மேல்தையல் போடுபவள் இன்னொருத்தி. முழுச் சட்டை எங்கோ கடைசி மேஜையில் பிறக்கும். இவர் அதை ஜன்னல் பக்கம் தொங்கும்போது பார்ப்பதோடு சரி.

இந்த இடத்தில்தான் நான் இந்தப் பாடத்தில் சொல்ல நினைத்தது எனக்கே தெளிவானது. லைன் வந்ததும் மாறியது வேகம் மட்டும் இல்லை, வேலை யாருக்குத் தெரியும் என்பதும் மாறிவிட்டது. முன்பு சட்டை தைக்கத் தெரிந்தவர் தையற்காரர். லைனில் அந்த அறிவு ஆள்களிடம் இல்லை. மேஜைகளை எந்த வரிசையில் போட்டார்களோ அதில் இருக்கிறது. வரிசையைப் போட்டவருக்குத்தான் சட்டை தெரியும். நடுவில் நிற்பவருக்குப் பதிலாக அடுத்த வாரம் வேறொருவரை நிறுத்தலாம்.

ஆனால் ஆயா அதோடு விடவில்லை. டைம் பார்க்க ஒருவன் கடிகாரத்தோடு வருவானாம். "அவன் வந்து பக்கத்துல நின்னா கொஞ்சம் மெதுவாத் தெப்போம். இல்லன்னா நாளைக்கு டார்கெட் ஏறிடும்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் நூறு வருடத்துக்கு முன் தலையில் அடித்துக்கொண்டது இதற்குத்தான். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள், ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, எப்படிச் செய்வது என்பதை நிர்வாகமே முடிவு செய்ய வேண்டும் என்றார். சோம்பேறித்தனம் என்று அவர் பார்த்ததை ஆயா தற்காப்பு என்கிறார். நான் ஆயா பக்கம்.

அப்புறம் சம்பளக் கவர். முதல் வருடம் பிரிக்காமலே மாமியார் கையில் கொடுத்தாராம். இரண்டாவது வருடம் பிரித்து பஸ் காசை எடுத்துக்கொண்டு கொடுத்தார். மூன்றாவது வருடம் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "மாமியார் ஒண்ணும் சொல்லல. ஃபிரிட்ஜ் வந்துருச்சு இல்ல?" பெருமளவு உற்பத்தி சமுதாயத்தை மாற்றியது என்று பாடப் புத்தகம் ஒரே வரியில் முடிப்பது ஒரு வீட்டுச் சமையலறையில் இப்படித்தான் நடந்திருக்கிறது. லைனில் நின்று வாங்கிய சம்பளம், இன்னொரு லைனிலிருந்து வந்த ஃபிரிட்ஜுக்குப் போயிருக்கிறது.

ஃபோர்டுக்கும் இந்தக் கணக்கு தெரியும். லைன் வந்த 1913இல் அவரது ஆலையில் ஆள் தங்கவில்லை. நூறு இடத்தை நிரப்பி வைக்க வருடத்துக்கு 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அலுப்பு. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார், ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடவே ஒரு நிபந்தனை: குடிக்கிறாயா, வீடு சுத்தமா, காசு சேர்க்கிறாயா என்று பார்க்க ஆலையின் ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். இதைச் சொன்னபோது ஆயா, "கவரை அவனே பிரிச்சுப் பாத்திருக்கான்" என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

ஃபோர்டின் லைன் இந்த நாட்டுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1924இல் போர்ட் எலிசபெத்தில், பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றில், பெட்டியில் வந்த பாகங்களைக் கொண்டு மாடல் டி பூட்ட ஆரம்பித்தார்கள். 1926இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதே ஊருக்கு வந்தது. ஆனால் டெட்ராய்ட்டில் இல்லாத ஒன்று இங்கே சேர்ந்தது: எந்த வேலை எந்த இனத்தாருக்கு என்று ஒதுக்கிவைக்க 1956ஆம் வருடச் சட்டம் வழி செய்தது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் ஒட்டுவது சுலபம். இதை ஒரு வகுப்பில் முழுதாக எடுக்க முடியாது. தொட்டுக்காட்டிவிட்டு நகர்ந்தேன்.

1973ஐ மட்டும் விடவில்லை, ஆயாவும் விட மாட்டேன் என்றார். அவர் வீட்டுக்காரர் அப்போது ஒரு நெசவு மில்லில். ஜனவரி 9ஆம் தேதி டர்பனின் கொரொனேஷன் செங்கல் ஆலையில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். வாரக் கூலி ஒன்பது ராண்டுகூட இல்லை, இருபது கேட்டார்கள். அடுத்த வாரங்களில் நெசவு மில்கள், துறைமுகம், நகராட்சி என்று பல பத்தாயிரம் பேருக்கு அது பரவியது. கறுப்பினத் தொழிலாளிகளின் சங்கத்தைச் சட்டம் சங்கமாகவே மதிக்காத காலம். முதலாளிகள் உங்கள் சார்பில் பேச ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள் என்றபோது கூட்டம் மறுத்துவிட்டது. பெயர் கொடுத்தால் அந்த ஆளைத்தான் முதலில் வேலையை விட்டு எடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த இடத்தை உயரமான பையன் திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

ஆயாவின் ஃபேக்டரி தொண்ணூறுகளின் கடைசியில் மூடப்பட்டது. இறக்குமதி வரி குறைந்து, வெளிநாட்டு மலிவு உடுப்பு வந்து குவிந்ததில் இந்தப் பக்கத்து ஆலைகள் பல அப்படித்தான் போயின. வீட்டில் முழு ரவிக்கை தைக்கத் தெரிந்ததால் ஆயா பிழைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருடம் பட்டன் துளை மட்டும் போட்டவருக்கு அதற்குப் பிறகு வேலையே கிடைக்கவில்லையாம்.

மூன்றாவது சனிக்கிழமை: மணி

ஒரு மாணவியின் அப்பா டர்பனுக்குத் தெற்கே பிரோஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலையில் வேலை செய்கிறார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆலை முழுகி, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது. லைனில் எதாவது தப்பு கண்ணில் பட்டால் அப்பா ஒரு கயிற்றை இழுப்பார் என்று அவள் சொன்னாள். டொயோட்டா முறையின் பேர்போன அம்சம் அது: பிழையை அடுத்தவரிடம் தள்ளாதே, லைனை நிறுத்தியாவது அங்கேயே சரி செய். ஹைலேண்ட் பார்க்கில் தொழிலாளிக்கு இல்லாத உரிமை.

நாங்கள் கயிற்றுக்குப் பதிலாக வகுப்பு மணியை மேஜை நடுவில் வைத்தோம். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அடித்தவரை ஒருவரும் திட்டக் கூடாது. முதல் பத்து நிமிடம் சும்மா விளையாட்டுக்கு அடித்தார்கள்; பொறுத்துக்கொண்டேன். அப்புறம் உண்மையான மணி ஒன்று. மசாலாவில் தண்ணீர் அதிகம், பட்டை ஊறிக் கிழிகிறது என்று மசாலா வைக்கும் பெண் நிறுத்தினாள். முன்னால் நின்றவள் நீ மெதுவாக வைக்கிறாய் என்றாள். இல்லை, மசாலாதான் சரியில்லை என்று இவள் தமிழிலேயே வாதாடினாள். உருளைக்கிழங்கைத் துணியில் கட்டிப் பிழிந்தோம். அன்றைக்கு 121 வரவில்லை, 103தான். ஓட்டை நான்கு.

எது நல்ல லைன் என்று கேட்டேன். இந்த முறை விடை ஒரே மாதிரி வரவில்லை. விற்பதற்கு மூன்றாவது வாரம், நிற்பதற்கு முதல் இருபது நிமிடம் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். உயரமான பையன் எழுதியது இரண்டே வரி: "மணி இருந்தால் நான் பாத்ரூம் போயிருக்க மாட்டேன். செங்கல் போதும்."

மறுபடி எடுத்தால் காகிதக் காரை விட்டுவிடுவேன். முதலிலேயே ஆயாவைப் பேச விட மாட்டேன். லைனில் நின்று முதுகு வலித்த பிறகுதான் அந்தப் பேச்சு காதில் ஏறும். தமிழ்ச் சொல் தேடி நேரத்தை வீணாக்கவும் மாட்டேன். 'தொகுப்பு வரிசை' என்று பலகையில் எழுதி வைத்தேன், கடைசி வரை அதை உபயோகித்த ஒரே ஆள் நான்தான். ஆயாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது லைன்.

சமோசா எல்லாம் விற்றுவிட்டது. அதற்கு அடுத்த வாரம் கமிட்டிப் பொருளாளருக்கு வகுப்பிலிருந்து ஒரு கடிதம் போனது. எழுதச் சொன்னது நானில்லை. கூரைக்குக் காசு தருவதில் எங்களுக்குச் சந்தோஷம், ஆனால் டஜனுக்கு ஒரு ராண்ட் எங்கள் வகுப்புக்குத் தர வேண்டும், உயரமான மேஜை வாங்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு இடத்தில் றகரம் ரகரமாகியிருந்தது, நான் திருத்தவில்லை. பதினான்கு பெயரும் தாளின் கீழே வட்டமாக எழுதப்பட்டிருந்தன. பொருளாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யார் முதலில் கையெழுத்துப் போட்டது என்று தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.